இடித்தவனை விட்டுவிட்டுப் பேசியவனைப் பிடிப்பதா?



மதுரை காளவாசலிலிருந்து ஒரு தாய் கோபமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். மகன் பள்ளி அணியில் கூடைப்பந்து ஆடுகிறான். கூடையருகே ஓடி எழும்பி லே-அப் போடப் போனவன், கைகளைத் தூக்கியபடி நின்ற எதிரணிப் பையன்மேல் மோதி விழுந்திருக்கிறான். நடுவர் ஊதவில்லை. அடுத்த பந்தில் கூடை போட்டதும், அதே பையனின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டி நாலு வார்த்தை சொல்லியிருக்கிறான். உடனே விசில், நடத்தைக் குற்றமான டெக்னிக்கல் ஃபவுல். “இடித்தவனை விட்டுவிட்டு, பேசியவனைப் பிடிப்பது என்ன நியாயம்?” என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் அந்த நடுவர் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் ஒரு வளையம். பந்து அதில் பட்டுத் தெறித்தால் ஏழெட்டுப் பேர் ஒரே இடத்துக்குப் பாய்வார்கள். உரசுகிறபோதெல்லாம் ஊதினால் ஆட்டமே நடக்காது. அதனால் நடுவர் முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான்: அந்த இடத்தை முதலில் பிடித்தவர் யார்? ஒவ்வொரு வீரரையும் சுற்றி ஓர் உருளை இருப்பதாக விதி வைத்துக்கொள்கிறது. முன்னால் உள்ளங்கை வரை, பின்னால் பிட்டம் வரை, பக்கங்களில் கை கால்களின் வெளிவிளிம்பு வரை. தலைக்கு மேலே உள்ள காற்றும் அவருக்கே சொந்தம். எதிராளியைப் பார்த்தபடி இரண்டு காலையும் ஊன்றி இடம்பிடித்த தடுப்பாளர் நேராக மேலே எழும்பலாம், கையை உயர்த்தலாம். பந்தோடு வருபவர் வந்து மோதினால் அது தடுப்பாளரின் குற்றமாகாது. கை முன்னால் சாய்ந்தாலோ, இடுப்பு பக்கவாட்டில் நுழைந்தாலோ கதை மாறிவிடும். எதிராளி காற்றில் எழும்பிய பிறகு அவர் இறங்கும் இடத்தில் போய் நிற்பதும் தவறு.

இன்னொரு கோடும் உண்டு. கூடைக்கு நேர் கீழே 1.25 மீட்டர் ஆரத்தில் ஓர் அரைவட்டம், 2010 முதல் சர்வதேச விதிகளில் இருக்கிறது. காற்றில் வருபவருக்கு எதிரே அதற்குள் நின்றுகொண்டு மோதலை வாங்கி ‘சார்ஜ்’ (மோதியவர்மேல் ஃபவுல்) கேட்க முடியாது. வருபவர் கை, கால் அல்லது உடலை முறைகேடாகப் பயன்படுத்தினால் மட்டும் ஃபவுல் உண்டு.

இவ்வளவையும் கண் சிமிட்டும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். கூடைக்குப் பின்னால் கடைசிக் கோட்டருகே நிற்கும் ‘லீட்’ நடுவரை அடுத்த முறை கவனியுங்கள். பந்தை நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் கண் தடுப்பாளரின் கால்களிலும் மார்பிலும் இருக்கும். மோதலால் யாருக்காவது ஆதாயமோ பாதகமோ உண்டா என்றும் எடைபோடுவார். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், அந்தப் பையன் அசையாமல்தான் நின்றிருக்கிறான். உங்கள் மகன்மேலேயே ஊதியிருக்கலாம், விட்டிருக்கிறார்.

விரலை ஆட்டியது வேறு விஷயம். எதிராளியைச் சீண்டினால் டெக்னிக்கல் என்று விதியிலேயே இருக்கிறது. யாரையும் தொட்டிருக்க வேண்டியதில்லை. எதிராளியின் கண்ணருகே கையை ஆட்டி மறைப்பது, இடிபட்டதுபோல நடித்து விழுவது, டங்க் அடித்துவிட்டு அவசியமில்லாமல் வளையத்தில் தொங்குவது எல்லாம் இதே கணக்கு. எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. இரண்டாவது முறையும் வாங்கினால் வெளியேற வேண்டியதுதான்.

கூடை போட்ட சந்தோஷத்தில் கத்துவதை யாரும் தடுப்பதில்லை. பெஞ்சைப் பார்த்துக் கத்துகிறானா, தோற்றவன் முகத்தைப் பார்த்துக் கத்துகிறானா என்பதில்தான் நடுவரின் கவனம். அவமானப்பட்டவனின் முழங்கை அடுத்த ரீபவுண்டில் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். ஆட்களைக் கவனிக்கும் இந்த வேலை புதிதல்ல. 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் எழுதிய கூடைப்பந்தின் முதல் 13 விதிகளில் பந்துக்கு ஒரு நடுவர், ஆட்களுக்குத் தனியாக ஒரு நடுவர் என்று பிரித்தே வைத்திருந்தார். எத்தனை தெளிவான யோசனை!

நம் பக்கத்துச் சிக்கல் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காளவாசல் வழியாகத் தேனி சாலையில் போனால் பெரியகுளம். அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு ராணுவம், விமானப்படை, வங்கி அணிகள் எல்லாம் வரும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் தமிழில் சீண்டினால், வடக்கிலிருந்து வந்த நடுவருக்குச் சைகைதான் புரியும், சொல் புரியாது. உள்ளூர் ஆட்டங்களில் நிலைமை நேரெதிர். நடுவருக்கு எல்லாமே புரியும். தாயை இழுத்த வசவு, நிறத்தைச் சொன்ன கேலி, சில நேரம் சாதிப் பெயர். ஆடுகிற பையன்களின் அப்பாக்கள் அவருக்குத் தெரிந்தவர்கள், மறுநாள் டீக்கடையில் பார்க்க வேண்டியவர்கள். அதனாலேயே காதில் விழாததுபோல நகர்ந்துவிடுகிற நடுவர்களும் உண்டு. சாதியைச் சொல்லிச் சீண்டினால் டெக்னிக்கலோடு நிறுத்தக் கூடாது. படுமோசமான நடத்தைக்கு நேரடியாக வெளியேற்றும் அதிகாரம் விதியிலேயே இருக்கிறது. அந்த அதிகாரத்தை நடுவர் துணிந்து பயன்படுத்தும்போது இரண்டு பயிற்சியாளர்களும் கூட நிற்க வேண்டும். கேலரியில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரும்தான், சகோதரி.

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் விசில் பிடித்த வாசகர்கள் பலர் இருப்பீர்கள். முதல் டெக்னிக்கலை எதற்காகக் கொடுத்தீர்கள், அதன்பின் உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். அடுத்த இதழில் உங்களுக்காக இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்