நிற்கத் தெரியாத கணினி

சென்ற மாதம் ஒரகடத்தில் நண்பர் ஒருவரின் அறைக்குச் சென்றிருந்தேன். வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பணிபுரிபவர். அறையில் ஐந்து பேர். எல்லோரும் வாசிக்க மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை ஏற்றிவைக்கலாம் என்று ஒரு பழைய கணினி வாங்கியிருந்தார். இணையம் இல்லாத இயந்திரத்துக்கு விண்டோஸ் 7 போதும் என்பது அவர் கணக்கு. மூன்று இரவுகளாக நிறுவுகிறார்; பாதியில் அணைந்து தானே மீண்டும் தொடங்குகிறது. பழியை டிவிடியின்மேல் போட்டு நான்கு வட்டுகள் மாற்றியாயிற்று.

ஒவ்வொரு முறையும் நின்ற இடம் வேறு என்றார். அங்கேதான் எனக்கு ஐயம் எழுந்தது. வட்டில் கீறல் என்றால் பெரும்பாலும் ஒரே கோப்பில் தடுக்கும். இடம் மாறினால் நினைவகம், வெப்பம், மின்வழங்கி ஆகியவற்றையே முதலில் பார்க்கவேண்டும். சுருக்கிய கோப்புகளை நினைவகத்தில் விரித்து எழுதும் கடும்வேலை அது. மறைந்திருந்த பழுது அப்போதுதான் வெளிப்படும். (முதல் மறுதொடக்கத்திலும் வட்டிலிருந்தே தொடங்கி வட்டமடிப்பவர்களும் உண்டு. அது வெறும் கவனக்குறைவு.) கணினி பொருத்தும் டெல் ஆலை 2007இலேயே பக்கத்து ஸ்ரீபெரும்புதூருக்கு வந்துவிட்டது, ஆயினும் பெட்டியைத் திறக்க நண்பருக்கு அச்சம்.

என் மனக்குறை வேறு. பிழை நேர்ந்ததும் விண்டோஸ் நீலத்திரையில் காரணத்தை எழுதுகிறது. நாம் படித்து முடிக்குமுன் மீளத்தொடங்கிவிடுகிறது. எக்ஸ்பியிலும் இப்படித்தான். ஆளில்லா அறையில் இயங்கும் சர்வருக்கு இது பொருந்தலாம். எதிரே அமர்ந்திருக்கும் மனிதரிடம் காரணத்தை மறைப்பது என்ன நியாயம்?

நண்பரின் தொழிற்சாலையில் கோளாறு கண்டவர் கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்தலாம். எந்த இடம் என்று விளக்கு காட்டும். இவ்வழக்கத்தின் வேர் தறியில் இருக்கிறது. ஜப்பானின் சகிச்சி டொயோடா 1924இல் உருவாக்கி முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; அறுந்த இழையைப் பிணைத்த பிறகே அடுத்த ஊடு. கணினிக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?

வன்தட்டிலிருந்து தொடங்கும் தறுவாயில் எஃப்8 அழுத்தி, தானாக மீளத்தொடங்குவதை முடக்கினோம். நீலத்திரை நின்றது, நினைவகப் பிழை என்றது. இரண்டு ராம் அட்டைகளையும் ஒவ்வொன்றாகச் செருகி, மெம்டெஸ்ட் நிரலை இரவெல்லாம் ஓடவிட்டோம். இரண்டாவதில் சிவப்பு வரிகள் குவிந்தன. அதைக் கழற்றிவிட்டு மறுபடி நிறுவினோம். காலைப் பணிமுறைப் பேருந்துக்கு அவர் கிளம்புமுன் வேலை முடிந்தது. மின்னூல்களை ஞாயிற்றுக்கிழமை ஏற்றுகிறோம்.