நிற்கக் கூடாதென்றால் நடப்போம்



ஊர் நடுவில் இருக்கிற சதுக்கம் யாருக்குச் சொந்தம்? எல்லாருக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். பத்துப் பேர் சேர்ந்து போய் நின்று பாருங்கள், லத்தி வந்து பதில் சொல்லும்.

அர்ஜென்டினாவின் தலைநகர் பியூனஸ் அயர்ஸ். அதன் நடுவே பிளாசா தே மாயோ, மே சதுக்கம். ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக 1810 மே மாதம் நடந்த புரட்சியின் பெயர். கிழக்கே குடியரசுத் தலைவர் மாளிகை. வடக்கே பெரிய தேவாலயம், அதற்குப் பக்கத்திலேயே தேசிய வங்கி. மேற்கே காலனி காலத்து நகரசபைக் கட்டடம். அரசு, மதம், பணம் மூன்றும் ஒன்றையொன்று பார்த்தபடி உட்கார்ந்திருக்கின்றன. வங்கியில் பேரேடு எழுதிப் பிழைக்கிறவன் நான். இந்த நெருக்கம் எதற்கென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1580ல் இந்நகரை அமைத்த ஸ்பானியத் தளபதி சதுக்கத்தில் ஒரு மரத்தூணை நட்டான். அரசனின் தண்டிக்கும் அதிகாரத்துக்கு அதுதான் அடையாளம்.

அந்தச் சதுக்கத்துக்கு உழைக்கிற சனம் வந்த நாள் 1945 அக்டோபர் 17. சிறைவைக்கப்பட்ட பெரோனை விடுவிக்கச் சொல்லித் தென்புறநகர் ஆலைத் தொழிலாளர்கள் திரண்டார்கள். ஆற்றுப் பாலங்களைத் தூக்கிவிட்டார்கள். படகேறியும் நீந்தியும் வந்து சேர்ந்தது கூட்டம். நடந்து வீங்கிய கால்களைச் சதுக்கத்து நீரூற்றில் நனைத்தார்கள். நகரத்துக் கனவான்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை. உள்நாட்டிலிருந்து பிழைக்க வந்த கருத்த உழைப்பாளிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கருந்தலையர்'. 1947ல் ஒரு எம்.பி. இந்தக் கூட்டத்தை மிருகக்காட்சிசாலை வெள்ளம் என்றே சொன்னார். 1927ல் மகாட் குளத்தில் நம் சனம் கைவைத்தபோது நடந்தது தெரிந்தவர்களுக்கு இந்த அருவருப்பை விளக்க வேண்டுமா என்ன?

பத்தே வருஷம். 1955 ஜூன் 16 அன்று பெரோன் ஆட்சியைக் கவிழ்க்க, சொந்த நாட்டுக் கடற்படை விமானங்களே சதுக்கத்தின்மேல் குண்டு போட்டன. முந்நூறு பேருக்குமேல் செத்தார்கள்.

1976ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆட்களைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கேட்டால், அப்படி ஒருத்தரும் எங்களிடம் இல்லையே என்பார்கள். காணாமல் போனவர்கள் முப்பதாயிரம் பேர் என்கின்றன மனித உரிமை அமைப்புகள். 1977 ஏப்ரல் 30, பதினான்கு அம்மாமார் பிள்ளைகளைக் கேட்டுச் சதுக்கத்தில் நின்றார்கள். அன்று சனிக்கிழமை, பார்க்க ஆளில்லை. பிறகு வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்கள். கூடி நிற்கத் தடை, கலைந்து நட என்றது போலீஸ். சரி, நடக்கிறோம் என்று இரண்டிரண்டு பேராக நடுவிலுள்ள தூணைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். பிள்ளைக்குக் கட்டிய துணியைத் தலையில் வெள்ளை முக்காடாகப் போட்டுக்கொண்டார்கள். உத்தரவை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தே அதைத் தோற்கடித்தார்கள்.

முன்நின்ற அசுசேனா வில்லாஃப்ளோரை அதே வருஷம் டிசம்பரில் கடத்திக் கொன்றது ராணுவம். கடல் கரையொதுக்கிய உடலைப் பெயரில்லாமல் புதைத்தார்கள். 2005ல் எலும்பை வைத்து அடையாளம் கண்டார்கள். அந்த அம்மாவின் சாம்பல் இன்று அவர் சுற்றி நடந்த அதே தூணடியில் இருக்கிறது. அந்தத் தூணைச் சுற்றித் தரையில் வெள்ளை முக்காடுகள் வரையப்பட்டிருக்கின்றன.

கதை முடிந்துவிடவில்லை. 2001 டிசம்பரில் பொருளாதாரம் சரிந்து மக்கள் பொங்கியபோது, இந்த அம்மாமார்மேலும் குதிரைப் போலீசை ஏவினார்கள். அன்று மாலை குடியரசுத் தலைவர் மாளிகைக் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் ஓடினார். அதற்கப்புறம் பல வருஷம் சதுக்கத்தின் குறுக்கே இரும்பு வேலி நின்றது. 2023 டிசம்பரில் வந்த புதிய அரசு, சாலையை மறிக்கிறவனுக்கு உதவித்தொகை கிடையாது, நடைபாதையில் போ என்றது. மறுபடியும் அதே 'நகரு'.

போக்குவரத்துக்கு இடைஞ்சல், பொது அமைதிக்குப் பங்கம், அனுமதி மறுப்பு. இந்தச் சொற்கள் எந்த மொழியில் வந்தாலும் அர்த்தம் ஒன்றுதான்: உன் ஒடம்பு என் கண்ணில் படக்கூடாது. அதனால்தான் சொல்கிறேன், சதுக்கத்தை எவனும் நமக்குப் பட்டா போட்டுத் தரப்போவதில்லை. வாராவாரம் அங்கே போய்க் காலூன்றுகிறவர்களுக்குத்தான் அது சொந்தம். அந்த அம்மாமாரிடம் ஆயுதமும் இல்லை, கட்சியும் இல்லை. கிழமை தவறாமல் வந்தார்கள், அவ்வளவுதான்.

அனுமதி கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கும் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும். விவாதிப்போம்.