சாகப்போகிற கோழியை அறுக்காதீர்கள்



லயத்துக்குப் பின்னால் நாலு கோழி மேயாத வீடு தோட்டத்தில் குறைவு. தீபாவளிக்கு ஒன்று, பிள்ளை பெற்றவளுக்குச் சாறு வைக்க ஒன்று, முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று என்று அவை நம் குடும்பக் கணக்கில் சேர்ந்தவை. அதனால்தான் ஒரு கோழி தூங்கி விழுந்தால், "சாகிறதுக்குள்ள அறுத்துடு, நல்லா வெந்தா ஒண்ணும் ஆகாது" என்கிறோம்.

நன்றாக வெந்தால் கிருமி செத்துவிடும், உண்மைதான். ஆனால் அது சட்டிக்குப் போகுமுன் அறுப்பது யார்? இறகு பிடுங்கிக் குடலை எடுப்பது யார்? பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள்தான், பக்கத்திலேயே பிள்ளைகள். இரத்தமும் எச்சமும் பட்ட கை கண்ணையும் மூக்கையும் தொடுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமி 1996-இல் சீனாவின் குவாங்டோங்கில் வாத்துப் பண்ணையொன்றில் கண்டறியப்பட்டது. மறு வருடமே ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேரைக் கொன்றது. 2003 முதல் 2024 வரை உலகில் 900-க்கு மேற்பட்டவர்களுக்கு வந்திருக்கிறது. ஏறக்குறையப் பாதிப் பேர் பிழைக்கவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குச் சுலபமாகத் தொற்றும் சக்தி அதற்கு இன்னும் வரவில்லை.

இனிமேல் வராதா என்று கேட்பீர்கள். இந்தக் கிருமி நிலையாக நிற்கிற ஜாதி இல்லை. தன்னைத் தானே நகல் எடுத்துப் பெருகுகிறது. கிராணி செக்குரோலைப் பார்த்து எழுதும்போது ஒரு பெயர் பிசகுவது போல, ஒவ்வொரு நகலிலும் பிழை விழலாம். அதன் மரபுப் பொருளோ எட்டுத் துண்டுகள். இரண்டு வகைக் கிருமிகள் ஒரே பறவைக்குள் புகுந்தால், சீட்டுக்கட்டைக் கலைத்தது போலத் துண்டுகள் கலந்து புது வகை பிறக்கும். காட்டு வாத்து வயிற்றில் சாதுவாக இருந்த கிருமி, கோழிக் கூட்டத்தில் பரவிப் பரவி, கூண்டோடு சாகடிக்கிற கிருமியாக மாறுவதும் உண்டு. ஆகவே நோய்க் கோழி ஒவ்வொன்றும் அதற்குக் கிடைக்கிற இன்னொரு வாய்ப்பு. அதை மறைத்து அடுத்த தோட்டத்துக்கு விற்பவர் கிருமிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார்.

நம் நாட்டுக்கு வந்த கதையும் அதுதான். 2004 ஆகஸ்டில் கிளந்தானில் கண்டார்கள். தாய்லாந்திலிருந்து கடத்திய சண்டைச் சேவல்கள் கொண்டு வந்திருக்கலாம் என்று அதிகாரிகள் கருதினார்கள். பிறகு 2006-இல் பேராக், பினாங்கு, 2007-இல் சுங்கை பூலோ, 2017-இல் மறுபடி கிளந்தான். (சேவல் சண்டைக்காரர்கள் இதைப் படித்தால் கோபிக்க வேண்டாம்.)

மறைப்பவர்களைத் திட்டிப் பயனில்லை. "ஆபீசர் வந்தா நல்ல கோழியையும் சேர்த்துக் கொன்னுடுவான்" என்ற பயம் நியாயமானது. நோய் கண்ட இடத்தில் சுற்றிலும் உள்ள கோழிகளையும் அழிக்கத்தான் செய்கிறார்கள். உரிய விலையைத் தாமதமில்லாமல் கையில் கொடுத்தால்தான் ஜனங்கள் வாய் திறப்பார்கள். பண்ணை முதலாளியின் பத்தாயிரம் கோழிக்கு நஷ்டஈடு பேசும்போது, லயத்துக் கோழி நாலும் அந்தக் கணக்கில் வர வேண்டும். கிளைக் கூட்டங்களில் இதைக் கேளுங்கள்.

கொண்டை நீலம் பாய்ந்து, தலை வீங்கி, கோழிகள் திடீரென்று ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் தொடாதீர்கள். பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். கால்நடை இலாகாவுக்குச் சொல்லியனுப்புங்கள். தெரியாமல் தொட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பத்து நாளுக்குள் காய்ச்சலோ இருமலோ வந்தால் உடனே கிளினிக்குக்குப் போங்கள். டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், "செத்த கோழியத் தொட்டேங்க" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.