கன்றோடு போதனாசிரியரும் வரட்டும்

பேராதனை விவசாயத் திணைக்களப் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு,

ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்துத் தோட்ட லயன்களில் வாழைக்கன்றை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. மேட்டு லயத்தில் கிளைத்த பக்கக்கன்று பணிய லயத்துக்குப் போகும். அதோடு முடிக்கொத்து நோயும் போகிறது. இலைக்காம்பில் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாகத் தொடங்கும், பிறகு இலைகள் குறுகி உச்சியில் விறைத்து நிற்கும், குலை தள்ளாது. மருந்தும் கிடையாது.

இலங்கையில் 1913இலேயே பதிவான வைரசு நோய் இது. 1940 அளவில் இங்கிருந்தே கேரளத்துக்குப் பரவியதாகத் தாவரநோய் அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கீழ்ப்பழனி மலையில் 1970களில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேயரில் இருந்த மலைவாழை, பெரும்பாலும் இந்நோயால், சுமார் 2,000 ஹெக்டேயராகச் சுருங்கியது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாச்சியும் அதில் அடக்கம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வைரசு இல்லாத தாய்மரங்களைத் தேடி, குருத்து நுனியை இழைய வளர்ப்பில் பெருக்கி, சோதித்த கன்றுகளை மலைக்குத் திருப்பி அனுப்பியது. இலங்கை அனுப்பிய நோய்க்கு அங்கே கண்ட வழி, இங்கே திரும்பி வந்தால் குறையில்லை.

தங்கள் திணைக்களத்துக்கு இந்த வித்தை புதிதுமல்ல. சீதாஎலியவில் விதை உருளைக்கிழங்குக்கு இதே முறைதான். ஆனால் கன்றை நட, சீதாஎலிய இருக்கும் நுவரெலியாக் குளிர் வாழைக்கு ஆகாது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்க இறங்க வாழை தழைக்கும்.

ஒரு சொல்லை மட்டும் திருத்த வேண்டும். இழைய வளர்ப்புக் கன்றை 'நோய் எதிர்ப்புக் கன்று' என்கிறார்கள். அது நோயில்லாத கன்று, அவ்வளவே. தைவானில் இழைய வளர்ப்பின்போது தற்செயலாய் மாறிய செடிகளிலிருந்து பனாமா வாடல் என்ற வேறொரு வாழை நோயைத் தாங்குபவற்றைப் பொறுக்கி எடுத்தார்கள். பல ஆண்டுத் தேர்வு வேலை அது. போத்தலுக்குள் வளர்ந்ததால் மட்டும் எந்த வாழைக்கும் அந்த வரம் வராது. நோய்ப்பட்ட வாழை ஒன்று வேலியோரம் நின்றால் போதும், அழுக்கணவன் பூச்சி புதுக்கன்றுக்கும் வைரசைக் கொண்டுவந்துவிடும்.

ஆகவே, வீட்டுக்கு இரண்டு கன்று கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் விநியோகம் வேண்டாம். ஒரு டிவிசனை எடுத்து, முதலில் பூச்சியைக் கொன்று, நோய்ப்பட்ட வாழையைக் கிழங்கோடு தோண்டி அழித்து, அதன் பிறகே கன்று. அதற்கு விவசாயப் போதனாசிரியர் லயத்துக்குள் வரவேண்டும். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, சபைகளின் சேவை தோட்டங்களுக்குள் வர வழி பிறந்தது. போதனாசிரியரின் மோட்டார் சைக்கிளுக்கும் அதே கேட் திறக்க, துரைமாருக்குத் தங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் போகட்டும்.

தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒரே ஒரு டிவிசன். எந்தப் பீலிக்கரையில் எத்தனை வாழை முடிகொத்தி நிற்கிறது என்பதை லயத்துப் பெண்கள் அன்றைக்கே காட்டிவிடுவார்கள்.