பிறந்த நாளின் பூதம்

பிறந்த ஆண்டின் விலங்கே சீனச் சோதிடம் என்று பலர் எண்ணுவர். ஆயின் அங்கு ஆண்டு, மாதம், நாள், நேரம் எனத் தூண்கள் நான்கு. தூணுக்கு இரண்டாக எழுத்துகள் எட்டு. சூ சிபிங் என்பாரின் பெயரால் வழங்கும் முறையில், நாள்தூணின் மேலெழுத்தே சாதகரின் மூல பூதத்தைக் காட்டும். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்பன சீனரின் ஐம்பூதங்கள்.

இவற்றுள் உயர்வு தாழ்வு இல்லை. கோடையில் பிறந்த நீர்ச் சாதகர் வலிமை குன்றியவர். நீரைப் பிறப்பிக்கும் உலோகம் அவருக்குத் துணை. குளிர்காலத்திலோ அந்நீரே பெருகிக் கரை மீறும். மண்ணே அதற்கு அணை.

ஆகவே மூலத்தை அறிவது பெருமை கொள்வதற்கன்று. குறையும் மிகையும் உணர்ந்து சமநிலை காண்பதற்கே.