வீட்டுக்காரர் வரலையா?

மண்டல அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்ட எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார்: "வீட்டுக்காரர் வரலையா?"

எனக்கு ஒரு நொடி குழப்பம். வாடகைக்கு இருப்பவர் வாயில் அந்தச் சொல்லுக்கு வீட்டின் சொந்தக்காரர் என்று பொருள். மனைவியின் வாயில் கணவன் என்று பொருள். இவர் யாரைக் கேட்கிறார்? "எந்த வீட்டுக்காரர்?" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "உங்க வீட்டுக்காரர்தாம்மா" என்றார், இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல. இருபது ஆண்டுகளாக வகுப்பில் 'பலபொருள் ஒருசொல்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்திவருகிறேன். இந்தச் சொல் அந்த வகையில் வராது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நம் மொழியில் சொத்துக்கும் பெண்ணுக்கும் ஒரே ஆள்தான் சொந்தக்காரர். மாநகராட்சி அந்த ஆளோடு மட்டுமே பேசப் பழகியிருக்கிறது.

நான் கொண்டுபோன மனு தண்ணீரைப் பற்றியது. எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். முதல் இரண்டு குடம் கறுப்பாக வரும், சாக்கடை நாற்றத்தோடு. குடிநீர்க் குழாய் எங்கோ சாக்கடையைத் தாண்டும் இடத்தில் இணைப்பு விட்டிருக்கிறது. குழாயில் தண்ணீர் ஓடாத நேரத்தில் அழுத்தம் இருக்காது. வெளியே தேங்கிய கழிவு அந்த ஓட்டை வழியாக உள்ளே இறங்கிவிடும். தண்ணீர் திறந்ததும் அதுதான் முதலில் வந்து குடத்தில் விழும். இதைப் புரிந்துகொள்ளப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. குழாயடியில் நிற்கிற எந்தப் பெண்ணும் சொல்லிவிடுவாள். எத்தனையாவது குடத்தில் நிறம் மாறும், எத்தனையாவதில் நாற்றம் போகும், எதைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளலாம், எதை ஊற்றிவிட வேண்டும் என்பதெல்லாம் எங்கள் தெருப் பெண்களுக்கு மனப்பாடம்.

புகார் எண்ணுக்கு அழைத்தோம். மூன்று முறை பதிவுசெய்தோம். மூன்று முறையும் 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. தீர்த்தது எப்படி? காலை பதினோரு மணிக்கு ஒருவர் வருவார். குழாயைத் திறப்பார். தண்ணீர் வராது. ஐந்து மணிக்கு வருகிற தண்ணீர் பதினோரு மணிக்கு எப்படி வரும்? 'கலங்கல் ஏதுமில்லை' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். அவர் பொய் எழுதவில்லை. வராத தண்ணீரில் கலங்கல் ஏது?

அந்தக் குறுஞ்செய்திகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. அவை என் மாமனார் பெயருக்கு வந்தன. அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வீட்டு வரி இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. வரிவிதிப்பு எண்ணைக் கொடுத்தால்தான் புகார் பதிவாகும். எண்ணைக் கொடுத்தால் கணினி அவர் பெயரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. புகார் சொன்னவள் நான், தொலைபேசி என்னுடையது, குடம் தூக்குகிற இடுப்பும் என்னுடையது. மாநகராட்சியின் ஏட்டில் குடிமகனாக உயிரோடு இருப்பவரோ செத்துப்போன ஓர் ஆண்.

என் நிலையாவது பரவாயில்லை. எனக்குச் செத்தவர் பெயராவது இருக்கிறது. எங்கள் தெருவின் பின்னால் ஒரு லைன் வீடு இருக்கிறது. ஆறு அறைகள், ஆறு குடும்பங்கள், ஒரே குழாய். சொந்தக்காரர் வேறு பகுதியில் இருக்கிறார். வாடகை வாங்க மட்டும் மாதம் ஒருமுறை வருவார். வரிச் சீட்டு அவரிடம், குடிநீர் இணைப்பு அவர் பெயரில். அந்த ஆறு பெண்களிடம் புகார் கொடுக்க எந்த எண்ணும் இல்லை. அவர்களில் ஒருவர் பூக்கட்டி விற்கும் அக்கா. போன ஆண்டு அவருடைய மகனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று மருத்துவர் கேட்டாராம். "என்ன சொல்றது டீச்சர், வர்ற தண்ணியைத்தான்" என்று என்னிடம் சொன்னார். பன்னிரண்டு நாள் பூ மார்க்கெட்டுக்குப் போகவில்லை. அந்த வருமானம் யார் கணக்கிலும் நட்டமாக ஏறவில்லை.

அவர்கள் வரி கட்டவில்லையா? 2022இல் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரியை உயர்த்தினார்கள். அடுத்த மாதமே லைன் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார், வரியைக் காரணம் சொல்லி. வரி அவர் பெயரில், பணம் அக்கா பையிலிருந்து. ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நகரத்துக்கு உரியவர் என்றால், இந்த நகரங்களில் பாதிப் பேர் விருந்தாளிகள்தான்.

இதை எழுதும்போது உத்திரமேரூர் நினைவுக்கு வருகிறது. தமிழ்த்துறைக்காரிக்கு வராமல் இருக்குமா. பேச்சுப் போட்டி நடத்தினால் பத்தில் ஏழு பிள்ளைகள் குடவோலை முறையில்தான் தொடங்குவார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்களாட்சி கண்டவன் தமிழன் என்று கை தட்டுவோம். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டை நானும் பெருமையோடுதான் பாடம் நடத்தினேன். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று வாரியங்களின் பெயரைப் படிக்கவே இனிக்கும். ஏரிக்கென்று ஒரு வாரியம் வைத்தவர்கள் என்று வியப்போம். ஆனால் குடத்துக்குள் யார் பெயரைப் போடலாம் என்ற பகுதியை வேகமாகத் தாண்டிவிடுவோம். வரி கட்டும் கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். 35 வயதுக்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளுக்குள் ஒரு பெண் நுழைய வழியில்லை, உழுதவனுக்கும் வழியில்லை. அது பிராமணச் சபை. ஏரியில் குடம் முக்கியவளுக்கு ஏரி வாரியத்தில் இடமில்லை. எழுத்தர் என்னிடம் வீட்டுக்காரரைக் கேட்டபோது, அந்தக் கல் இன்னும் தேயவில்லை என்றுதான் தோன்றியது.

காலம் மாறிவிட்டது, சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சி மன்றங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கச் சொன்னது. 2016இல் தமிழ்நாடு அதை 50 விழுக்காடாக்கியது. அதே 2016இல் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத்தில் அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. பாதி இடம் உங்களுக்கு என்று அறிவித்துவிட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இடத்தையே எடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டுகளில் தனி அலுவலர்கள் நகரங்களை ஆண்டார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் இருந்தோம்.

2022இல் இருந்த 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. சென்னையில் தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு மூன்றாவது பெண் மேயராக, முதல் தலித் பெண் மேயராக பிரியா வந்தார். நான் அன்று மகிழ்ந்தேன், இன்றும் மகிழ்கிறேன். ஆனால் மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். கோப்பு நகர்வது ஆணையரிடம். அங்கி ஒருவருக்கு, கையெழுத்து இன்னொருவருக்கு.

எங்கள் வார்டு உறுப்பினரும் பெண்தான். 'கவுன்சிலர்' என்று தெருவில் எல்லோரும் சொல்வது அவருடைய கணவரை. அவருக்குப் பெயர் 'கவுன்சிலரம்மா'. வார்டு அலுவலகப் பலகையில் அவர் பெயருக்குக் கீழே போட்டிருக்கும் எண் கணவருடைய கைபேசி. இதைச் சொன்னதும் சிரிக்கத் தயாராக ஒரு கூட்டம் இருக்கிறது. பார்த்தீர்களா, பெண்களுக்குக் கொடுத்தால் இப்படித்தான், பொம்மைகள் என்பார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கில்லை. ஒப்பந்தக்காரர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுகிற ஆண் உறுப்பினரை யாராவது பொம்மை என்கிறார்களா? மாவட்டச் செயலாளர் கண் காட்டாமல் வாய் திறக்காதவரை? அவர்களை 'அனுசரித்துப் போகிறவர்' என்கிறோம். கணவரின் அழைப்பை எடுத்து, "சொல்லுங்க சார்" என்று வேலை செய்கிற அதிகாரியை எந்தச் சட்டம் அப்படிச் செய்யச் சொன்னது? மாமன்றத்தில் உறுப்பினரின் கணவருக்கு ஒரு நாற்காலியும் கிடையாது. அந்த நாற்காலியைப் போட்டுக் கொடுத்தவர்கள் அதிகாரிகள். சிரிப்பவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

அந்த உறுப்பினரை ஒருநாள் ரேஷன் கடை வாசலில் தனியாகப் பார்த்தேன். தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். முடிக்க விடவில்லை. எந்த மூலையில் குழாய் உடைந்திருக்கும், எந்த ஆண்டு சாலை போடும்போது அதை மிதித்தார்கள், எந்த வீட்டு இணைப்பு தாழ்வாகப் போகிறது என்று மளமளவென்று சொன்னார். "எங்க வீட்லயும் அதே தண்ணிதான்க்கா" என்றார். "கூட்டத்துல சொல்லலையா?" என்று கேட்டேன். "இதெல்லாம் சில்லறை விஷயம், மன்றத்துல பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க." யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கணவரா, கட்சியா, அதிகாரியா, யாராக இருந்தால் என்ன?

சில்லறை. இந்தச் சொல்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. மேம்பாலம் பெரிய விஷயம், நகரின் நுழைவாயிலில் அலங்கார வளைவு பெரிய விஷயம். குழாய், சாக்கடை மூடி, பேருந்து நிலையக் கழிப்பறையின் தாழ்ப்பாள், அங்கன்வாடி வாசலில் கிடக்கும் குப்பை, மாலை வகுப்பு முடிந்து என் மாணவிகள் நடந்துவரும் சந்தில் எரியாத விளக்கு எல்லாம் சில்லறை. தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் போகக் கூடாது என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கல்லூரிக்கு வருகிற பெண்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 12ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்கென்று எழுதிவைத்த 18 பணிகளை எடுத்துப் பாருங்கள். குடிநீர், துப்புரவு, தெருவிளக்கு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. மன்றம் இருப்பதே அந்தச் சில்லறைக்குத்தான்.

எது சில்லறை என்று முடிவு செய்கிறவர் அதைச் சுமக்காதவர். கெட்ட தண்ணீர் வந்தால் மாநகராட்சிக்கு ஒரு செலவும் இல்லை. அதை வடிகட்டுவது, காய்ச்சுவது, ஆறவைப்பது, லாரி வந்தால் ஓடுவது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் வீட்டுக்குள் நடந்துவிடுகிறது. மாநகராட்சி செய்யாத வேலையைச் சம்பளமில்லாமல் செய்து முடிக்கிற ஒரு பெரும் பணியாளர் படை ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. சம்பளத்துக்கு வேலை செய்கிற பெண்களின் நிலையோ வேறு. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில், தங்கள் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று இரவும் பகலும் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. நகரத்தைச் சுத்தமாக வைத்திருப்பவர்கள், நகரத்தின் மன்றத்து வாசலில் உட்கார்ந்தால் குப்பையாகிவிடுகிறார்கள்.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கியபோது நான் நம்பிக்கையோடு போனேன். கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று வரட்டும் என்று பலர் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது அது. ஆனால் பகுதியின் பிரதிநிதியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அவர் நியமிக்கப்படுகிறார். பின்னர் எங்கள் பகுதியில் ஒரு கூட்டம் வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு நடந்தது. குழாய் பார்க்க வருகிறவருக்கும் அதே நேரம்தான் பிடிக்கும். பூக்கட்டும் அக்கா அப்போது கடைத்தெருவில் இருப்பார், நான் வகுப்பில் இருப்பேன். கூட்டத்தில் பெண்கள் குறைவு என்று பிறகு ஒருவர் வருத்தப்பட்டாராம்.

இனி வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். நான்காம் முறை மனு கொடுத்துவிட்டு வந்த அன்றிரவு என் கணவர், "நான் ஒருத்தர்கிட்ட பேசிப் பார்க்கட்டுமா?" என்றார். முனைவர் பட்டம் பெற்ற நான், மேடைகளில் பெண்ணின் குரலைப் பற்றிக் கவிதை வாசிக்கிற நான், களைத்துப்போய், பேசுங்கள் என்றேன். பேசினார். நாலு நிமிடம்கூட இருக்காது. இரண்டாம் நாள் விடியற்காலை, தண்ணீர் வருகிற நேரத்துக்கு, ஃபிட்டரோடு உதவிப் பொறியாளரே வந்து நின்றார். சாலையைத் தோண்டி இணைப்பை மாற்றினார்கள். எங்கள் வீட்டுத் தண்ணீர் தெளிந்தது.

லைன் வீட்டுக்குப் போகும் குழாயை அவர்கள் தொடவில்லை. அது வேறு இணைப்பாம், சொந்தக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

அக்கா என்னை எதுவும் கேட்கவில்லை. நான்தான் இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். என் வீட்டுக் குடம் நிறைந்தது ஓர் ஆணின் தொலைபேசியால். படித்த, சொந்த வீடுள்ள, 'யாரையாவது தெரிந்த' குடும்பம் என்பதால். பெண்ணாக இருப்பதால் வாசலில் நிறுத்தப்படும் நான், பின்வாசல் வழியாக உள்ளே போய்விட்டு வந்திருக்கிறேன். அந்தப் பின்வாசலும் இல்லாதவர்கள் ஆறு பேர்.

எழுத்தர்களோடு எனக்குச் சண்டை இல்லை. புகார்ப் படிவத்தில் சொந்தக்காரர் பெயரும் வரி எண்ணும் எதற்கு? தெரு இருக்கிறது, குழாய் இருக்கிறது, குடிக்கிற ஆள் இருக்கிறார், அது போதாதா? தண்ணீர் வருகிற நேரத்தில் வந்து பார்ப்பதற்கு எந்த விதி தடை? புகார் முடிந்தது என்பதைப் புகார் சொன்னவள் ஒப்புக்கொண்ட பிறகு எழுதினால் என்ன? உறுப்பினரின் பெயருக்குக் கீழே உறுப்பினரின் எண்ணைப் போட ஒரு டப்பா பெயின்ட் போதும்.

போன மாதம் மறுபடியும் மனு எழுதினோம். இம்முறை லைன் வீட்டில், அக்காவின் பெயரில். ஆறு பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள், இருவர் கைநாட்டு வைத்தார்கள். எட்டுப் பேராக மண்டல அலுவலகத்துக்குப் போனோம். எட்டாவது ஆள் அக்காவின் மகன். அதே எழுத்தர். அதே கேள்வி. "வீட்டுக்காரர் வரலையா?"

"யாரு சார், புருசனா, வாடகை வாங்குறவரா?" என்றார் அக்கா. "ரெண்டு பேரும் அந்தத் தண்ணியைக் குடிக்கிறதில்ல."

எழுத்தர் படிவத்தை நீட்டினார். அக்கா பெயரை எழுதினார், முகவரியை எழுதினார். வரிவிதிப்பு எண் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. காலியாக விட்டுவிடலாம் என்றேன். அவர் விடவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மாதாமாதம் தான் கொடுக்கும் வாடகைத் தொகையை அந்தக் கட்டத்தில் எழுதினார். எழுத்தர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், முத்திரை குத்தினார்.