எரிமலையும் பயணியும்

"இயற்கையின் சீற்றத்துக்கு நாம் பொறுப்பல்லோம்" என்பது விமானக் கம்பனிகளின் நிரந்தர வாதம். பொறுப்பல்லர் என்பது மெய்யே. ஆயின் அதிலிருந்து அவர்கள் வருவிக்கும் முடிபு பொய்.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டபோது, போர்த்துக்கலின் ஃபாரோவிலிருந்து டப்ளின் செல்லவிருந்த பயணி ஒருவர் ஒரு வாரம் சிக்குண்டார். உணவுக்கும் தங்குமிடத்துக்கும் போக்குவரத்துக்கும் அவர் செலவிட்டது ஏறத்தாழ 1,130 யூரோ. அதனைக் கோரியபோது, இது அசாதாரண நிகழ்வன்று, 'அதி அசாதாரண' நிகழ்வு என்று ரையன்எயார் கம்பனி வாதிட்டது. சட்டத்தில் இல்லாத சொல்லை ஆக்குவதில் இவர்களுக்குள்ள புலமைதான் என்னே!

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2013 சனவரி 31இல் அவ்வாதத்தை நிராகரித்தது. 261/2004 ஆம் இலக்க ஒழுங்குவிதியின்படி அசாதாரண சூழ்நிலை நட்டஈட்டிலிருந்து மட்டுமே விலக்களிக்கும். பயணியைப் பராமரிக்கும் கடமையிலிருந்து அன்று. அக்கடமைக்குக் கால எல்லையுமில்லை, பண எல்லையுமில்லை. செலவு தேவையானதாகவும் நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும், அவ்வளவே.

மலிவான பயணச்சீட்டுக்கு இத்துணைப் பெருஞ்சுமையா என்பர் சிலர். எரிமலையைப் பயணியும் மூட்டவில்லை. கம்பனி அச்சுமையைப் பல்லாயிரம் பயணச்சீட்டுகளின் விலையிற் பகிர்ந்துவிடலாம். அயல்நாட்டு நிலையத்திற் கைக்காசு தீர்ந்து நிற்பவர் எவரிடம் பகிர்வது?